சந்தேக அறைக்குப் புது நாற்காலி

என் அத்தைக்குப் பல்கலைக்கழகத்தில் வேலை. இதைச் சொன்னதும் கேட்பவர் முகத்தில் ஒரு மரியாதை வந்து உட்காரும். "என்ன பாடம் எடுக்கறாங்க?" என்பார். "நாற்காலி" என்பேன். முழுப் பொய் இல்லை. அத்தை அங்கே ஸ்டோர் பொறுப்பாளர். நாற்காலி, மேசை, மின்விசிறி, கண்ணாடிக் குடுவை, குப்பைத்தொட்டி என்று எது அந்த வளாகத்துக்குள் வந்தாலும் அத்தை கையால் ஒரு எண் வாங்கிக்கொண்டுதான் உள்ளே போக முடியும். வெள்ளைப் பெயிண்ட், மெல்லிய தூரிகை, மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதும் கை. மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் நம்பர் மேடம்.

அப்பா வேலைக்காக ஊர் ஊராகச் சுற்றுகிறவர். அதனால் நான் வளர்ந்தது அத்தை வீட்டில். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் பாதியிலேயே ஒத்துவராமல் போனதால், இப்போது பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் இருக்கிறேன். ஊரில் உள்ள அத்தனை பாடங்களும் என் கை வழியாகத்தான் போகின்றன. ஒன்றும் உள்ளே தங்குவதில்லை, அவ்வளவுதான்.

வீட்டில் அத்தை பற்பசைக் குழாயைக் கத்தரியால் வெட்டி உள்ளே ஒட்டியிருப்பதையும் வழித்து எடுப்பாள். தேய்ந்த சோப்பைப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டவைப்பாள். ஒருநாள் மாமா மதியம் தூங்கும்போது அவருடைய வழுக்கையில் ஸ்கெட்ச் பேனாவால் 'ப.க. / இதரப் பொருள் / 1' என்று எழுதிவிட்டேன். மாமா பஸ் டிரைவர். சாயங்கால வண்டியை அப்படியே ஓட்டிக்கொண்டு போய்விட்டார். பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்று டெப்போ போகிற வரைக்கும் அவருக்குத் தெரியவில்லை.

"பாரு, உன் அண்ணன் மகன் பண்ணின வேலையை!" என்று அத்தையிடம் வந்து தலையைக் குனிந்து காட்டினார்.

அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள். "தலைப்பு தப்பு. இதரப் பொருள்ல வராது. பழுதடைந்த பொருள்ல வரும்" என்றாள்.

இப்படிச் சிரிக்கத் தெரிந்தவள்தான். ஆனால் சாமான் விஷயத்தில் மட்டும் அவளுக்கு ஒரு பயம் உண்டு. நான் சின்னப் பையனாக இருந்தபோது ஆய்வுக்கூடத்திலிருந்து சில கம்ப்யூட்டர்கள் காணாமல் போயின. ராத்திரி கதவு திறந்து கிடந்திருக்கிறது. யார் திறந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. யார் கையெழுத்துப் போட்டிருந்தது என்று மட்டும் எல்லோருக்கும் தெரிந்தது. அத்தை சம்பளத்தில் வருடக்கணக்காகப் பிடித்தார்கள். மாமா ஓய்வு நாளிலும் வண்டி ஓட்டினார். அந்தப் பிடித்தம் முடிந்த மாதம் அத்தை தானே உட்கார்ந்து ஒரு விதி எழுதினாள். விலை உயர்ந்த சாமான் உள்ள எந்த அறையும் அலுவலக நேரம் முடிந்ததும் பூட்டப்பட வேண்டும். நிரந்தர ஊழியர் ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டு, கடைசிவரை கூடவே உட்கார்ந்திருந்தால் மட்டுமே திறந்திருக்கலாம். மேலிடம் அதை ஏற்றுக்கொண்டு, ஒவ்வொரு கட்டடத்திலும் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியது. கீழே அத்தையின் கையெழுத்து. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அத்தை அதன்மேல் உள்ள தூசியை விரலால் துடைத்துவிட்டுப் போவாள்.

அந்த விதி தொடாத ஓர் அறை வளாகத்தில் இருந்தது. கேன்டீனுக்குப் பின்னால், உடைந்த சாமான்களைப் போட்டுவைத்த கொட்டகை. அலுவலகத்தில் அதற்குக் கற்றல் உதவி மையம் என்று பெயர். வாயில் நுழையாததால் எல்லோரும் சந்தேக அறை என்பார்கள். அங்கே இருந்தவர் சந்தேக டீச்சர். அவர் நிரந்தரம் இல்லை. மணிக்கணக்குச் சம்பளம். சாயங்காலம் வகுப்புகள் முடிந்ததும் வந்து உட்காருவார். காலையில் பெரிய ஹாலில் மைக் வைத்து நடக்கும் பாடத்தில் எதுவும் புரியாதவர்கள் அங்கே போய்க் கேட்கலாம். எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம். "இது கூடத் தெரியாதா?" என்ற வார்த்தை மட்டும் அந்த அறையில் கிடையாது. அதைச் சொன்ன ஒருவனை டீச்சர் வெளியே அனுப்பி, மன்னிப்புக் கேட்ட பிறகுதான் உள்ளே விட்டாராம்.

நாற்காலி எல்லாம் ஊனம். ஒன்றுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்திருக்கும். இன்னொன்றில் உட்கார்ந்தால் பேசும். இடம் கிடைக்காதவர்கள் ஜன்னல் மேடையில் ஏறிக்கொள்வார்கள். எட்டு மணிவரை கூட்டம் கலையாது. திருட அங்கே ஒன்றும் இல்லாததால் பூட்டும் இல்லை.

எங்கள் எதிர்வீட்டு அக்கா அந்த அறையால் பிழைத்தவள். அவளுடைய அம்மா தையல்காரி. முதல் வருடம் மூன்று பாடத்தில் போய்விட்டு, "நமக்கு இதெல்லாம் வராதும்மா" என்று மிஷினில் உட்காரப் போனவளை அத்தைதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் சந்தேக டீச்சர் முன்னால் உட்காரவைத்தாள். அதற்குப் பிறகு இரண்டு பாடம் தேறிவிட்டாள். மிச்சம் புள்ளியியல். அதற்கு இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. அதிலும் போனால் பல்கலைக்கழகம் பெயரை நீக்கிவிடும். அந்த அக்கா தேறுவதை அத்தை தன் சொந்தப் பரீட்சை மாதிரி எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதே சமயத்தில்தான் செலவு வாரம் வந்தது.

செலவு வாரம் என்பது நான் வைத்த பெயர். வருடக் கணக்கு முடிகிறபோது பல்கலைக்கழகத்தில் பணம் மிச்சம் இருக்கும். மிச்சம் பிடித்தால் முதுகில் தட்டிக்கொடுப்பார்கள் என்றுதானே நினைப்போம்? இல்லை. மிச்சம் இருந்தால் 'உங்களுக்கு அவ்வளவு தேவையில்லை போலிருக்கிறதே' என்று மேலிருந்து அடுத்த வருடம் குறைத்துவிடுவார்களாம். இந்தச் சட்டம் எங்கள் வீட்டிலும் இருந்திருந்தால் நான் கைச்செலவுப் பணத்தில் நல்லபிள்ளை என்று பெயர் எடுத்திருப்பேன். ஆக, அந்தக் கடைசி வாரத்தில் கையில் கிடைத்ததை வாங்குவார்கள். முகப்பில் இருக்கும் நீரூற்று ஒரு செலவு வாரத்தில் வந்தது. தண்ணீர் கிடையாது, எண் உண்டு. கரும்பலகைக்குப் பதிலாக மின்பலகைகள் இன்னொரு வாரத்தில் வந்தன. சிலவற்றில் மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கைக் கூட இன்னும் உரிக்கவில்லை.

அந்த வருடம் சந்தேக டீச்சர் அத்தையிடம் வந்தார். "மேடம், மிச்சப் பணம் இருக்குன்னு கேள்விப்பட்டேன். எனக்கு ரெண்டு ஆள் வாங்கிக் கொடுங்களேன்" என்றார்.

"ஆளை எங்க டீச்சர் வாங்கறது?"

"கடைசி வருஷப் பசங்க இருக்காங்க. நல்லா சொல்லிக் கொடுப்பாங்க. மணிக்கு இவ்வளவுன்னு ஏதோ கொடுத்தா போதும். நான் ஒருத்தி இத்தனை பேரைப் பார்த்தா, கடைசில நிக்கறவன் சந்தேகத்தோடயே வீட்டுக்குப் போறான்."

அத்தைக்கு அது நியாயமாகப் பட்டது. அன்று ஜெராக்ஸ் கட்டுகளைக் கொடுக்க நான் பதிவாளர் அறைக்குப் போனபோது அத்தை அவர் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அவர் கெட்டவர் இல்லை. எப்போதும் அவசரத்தில் இருக்கிற மனிதர். டீயைக் கூட நின்றுகொண்டே குடிப்பார்.

"ஆளா?" என்றார். "மேடம், வாரக் கடைசிக்குள்ள பணம் வெளிய போகணும். ஆள் எடுக்கணும்னா கமிட்டி, விளம்பரம், இன்டர்வியூ. நாற்காலின்னா ஒரு போன்."

"நம்ம பசங்க தான் சார். டீச்சரே பார்த்துப் பொறுக்கிடுவாங்க."

"சம்பளம் வேற தலைப்பு மேடம். இது சாமான் தலைப்பு. இதுல இருந்து அதுக்கு எடுத்தா ஆடிட்ல என்னைப் பிச்சு எடுத்துடுவாங்க. நாற்காலி வந்தா பில் வரும், நம்பர் வரும். ஒரு பையன் புரிஞ்சுக்கிட்டான்னா அதுக்கு எங்க நம்பர் போடுவீங்க?"

அத்தை இடத்தை விட்டு நகரவில்லை. அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். "சரி, ஒண்ணு பண்ணுங்க. அந்த ரூமுக்கே ஏதாவது வாங்குங்க. நீங்களே போய்ப் பார்த்து நல்லதா வாங்குங்க. தரம் பார்க்க வர்ற குழுவுக்கும் காட்டலாம்" என்றார்.

அத்தை முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி ஆயிற்று. இத்தனை வருடமாக யாரோ வாங்கியதற்கு எண் எழுதியவள். முதல் தடவையாக அவளையே வாங்கச் சொன்னார்கள், அதுவும் தனக்குப் பிடித்த அறைக்கு. டீச்சர் கேட்டது ஆள் என்பதே அவளுக்கு மறந்துபோனது. எனக்கும் மறந்துதான் போனது. யாராவது பணத்தைக் கையில் கொடுத்துக் கடைக்குப் போகச் சொன்னால் எனக்கு எல்லாமே மறந்துவிடும்.

நாற்காலிக் கடைக்கு என்னையும் அழைத்துப் போனாள். அங்கே இருந்த ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார்ந்து, இல்லாத பேனாவால் இல்லாத தாளில் எழுதிப் பார்த்தாள். கடைக்காரர் விசித்திரமாகப் பார்த்தார்.

"ரெண்டு மணி நேரம் உட்கார்ந்தா முதுகு வலிக்கக் கூடாதுடா" என்றாள் என்னிடம்.

"ரொம்ப சுகமா இருந்தா தூங்கிடுவாங்க அத்தை."

"தூங்கறவன் தூங்கட்டும். கீழ விழாம தூங்கட்டும்."

சுழலும் நாற்காலிகள், கண்ணாடி மேசைகள், ஒவ்வொரு மேசைக்கும் ஒரு விளக்கு, சுவர் அகலத்துக்கு ஒரு திரை, ஒரு ஏ.சி. கொட்டகையையே அடையாளம் தெரியாமல் ஆக்கிவிட்டாள். எண் எழுத மட்டும் நாள் முழுக்க ஆனது. வீட்டுக்கு வந்து, பெயிண்ட் ஒட்டிய விரலை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டே, "அந்தப் பொண்ணு இனிமே ஜன்னல் மேல உட்கார வேண்டாம்" என்றாள் மாமாவிடம்.

திறப்பு நாளில் ரிப்பன், போட்டோ எல்லாம் நடந்தன. சந்தேக டீச்சர் ஒரு நாற்காலியின் முதுகைத் தடவிப் பார்த்தார். "ரொம்ப நல்லா இருக்கு மேடம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா நான் ஆள் தானே கேட்டேன்" என்றார்.

"அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் டீச்சர். இப்போ இது வந்துடுச்சு இல்ல?"

மறுநாள் சாயங்காலம் அலுவலகம் முடியும் நேரத்தில் காவலாளி ஒரு பெரிய பூட்டோடு வந்து நின்றார். உள்ளே மாணவர்கள் உட்கார்ந்து நாற்காலியைச் சுற்றிச் சுற்றி விளையாடிக்கொண்டிருந்தார்கள். பாடம் இன்னும் ஆரம்பிக்கவில்லை.

"எல்லாரும் வெளிய வாங்க. பூட்டணும்" என்றார் காவலாளி.

டீச்சர் சிரித்தார். "இந்த ரூமுக்குப் பூட்டே கிடையாதே அண்ணா."

"அது அப்போ. இப்போ உள்ள இருக்கறது என்ன விலை தெரியுமா? ராத்திரி ஒண்ணு போச்சுன்னா என் வேலையும் கூடவே போயிடும். நிரந்தர ஆள் யாராவது கையெழுத்துப் போட்டா திறந்து வைக்கறேன். நீங்க நிரந்தரமா?"

யாரோ ஒரு பையன் ஓடிப்போய் அத்தையை அழைத்துவந்தான். அத்தை வேகமாக வந்து, "என்னப்பா இது, பசங்க படிக்கற இடம்" என்றாள். காவலாளி சுவரைக் காட்டினார். திறப்பு விழாவுக்காக அங்கேயும் விதியைப் புதுச் சட்டத்தில் போட்டு மாட்டியிருந்தார்கள்.

"நீங்க எழுதினது தான் மேடம்" என்றார். நக்கல் இல்லை. உண்மையாகவே மரியாதையோடுதான் சொன்னார். அதுதான் மோசம்.

அத்தை பையிலிருந்து பேனாவை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். டீச்சர், எதிர்வீட்டு அக்கா, ஜன்னல் பக்கம் நின்ற பையன்கள் எல்லோரும் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தை மூடியைத் திரும்பப் போட்டாள்.

"நாளைக்கு மேலிடத்துல பேசி ஒரு வழி பண்றேன். இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்கோங்க" என்றாள்.

அந்த ஒரு நாள் இழுத்துக்கொண்டே போயிற்று. விதியிலிருந்து அந்த அறைக்கு மட்டும் விலக்குத் தரும்படி அத்தை பதிவாளரிடம் போய் நின்றாள். "விலக்கா? கம்ப்யூட்டர் போன கதை மறந்துபோச்சா மேடம்? உங்க விதியால தான் அதுக்கப்புறம் ஒரு பென்சில் கூடக் காணாம போகல" என்று பாராட்டி அனுப்பிவிட்டார். கொஞ்சம் நாற்காலிகளை வேறு அறைக்கு மாற்றலாமா என்று கேட்டாள். குழு வந்து பார்த்துவிட்டுப் போகும்வரை எதையும் அசைக்கக்கூடாது என்றார்கள். குழு வருகிற தேதி தள்ளிப்போயிற்று. மறுபடி தள்ளிப்போயிற்று.

இதற்கெல்லாம் ஒரு சுலப வழி இருந்தது. வீட்டில் மாமா அதை முதல் நாளே சொன்னார்.

"நீ நிரந்தரம் தானே? கையெழுத்துப் போட்டுட்டு அங்கேயே உட்காரு. அவ்வளவு தானே?"

"ஒரு நாற்காலி காணாம போனா?"

"போனா போகட்டும்."

"உங்களுக்கென்ன, ஒரு பஸ் போனா அடுத்த பஸ். அன்னிக்குப் பிடிச்ச பணத்துல நாம பட்ட பாடு மறந்துடுச்சா? இன்னும் கொஞ்ச வருஷத்துல ஓய்வு. இப்போ கையெழுத்துப் போட்டு மாட்டிக்கச் சொல்றீங்களா?"

மாமா அந்தப் பேச்சை அதோடு விட்டார். அந்தப் பணத்தைப் பிடித்த வருடங்களில் அவரும் இருந்தவர்தானே.

சந்தேக டீச்சர் சும்மா இருக்கவில்லை. நூலகப் படிக்கட்டில் வகுப்பு வைத்தார். விளக்கு அணைந்ததும் காரிடாருக்குப் போனார். அங்கே துரத்தியதும் எங்கள் கடைக்குப் பக்கத்தில் இருக்கும் பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிட்டார். பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலில் தாளை வைத்துக் கணக்குப் போட்டுக்காட்டுவார். பஸ் வந்ததும் பாதிப்பேர் ஏறிப் போய்விடுவார்கள். "பாட வண்டி புறப்பட்டாச்சு, ரைட்!" என்று நான் கடையிலிருந்து கத்துவேன். எதிர்வீட்டு அக்கா என்னை முறைப்பாள். அப்புறம் கடை விளக்கைக் கொஞ்சம் வெளியே இழுத்து மாட்டினேன். முதலாளி கரன்ட் பில்லைச் சொல்லித் திட்டினார். உள்ளே கொசு வருகிறது என்று சொல்லிவைத்தேன்.

மழைக்காலம் தொடங்கியதும் அதுவும் நின்றது. மணிக்கணக்குச் சம்பளம் என்றால் அறை திறந்திருந்த மணிக்குத்தான் கணக்கு. பஸ் நிறுத்தத்துக்கு யார் கொடுப்பார்கள்? டீச்சருக்கும் வீட்டு வாடகை இருந்தது. நகரத்தின் அந்தக் கோடியில் ஒரு டியூஷன் சென்டரில் சேர்ந்துவிட்டார். போகிற அன்று அத்தையைப் பார்த்து, "உங்க மேல வருத்தம் இல்ல மேடம். நல்லதுக்குத்தான் பண்ணினீங்க" என்றார். அன்று அத்தை சாப்பிடவில்லை. தலைவலி என்றாள்.

எதிர்வீட்டு மாடியில் அக்காவின் ஜன்னல். இரவுச் சாப்பாட்டுக்கு நாங்கள் உட்கார்ந்தால் அது நேராகத் தெரியும். தனியாக உட்கார்ந்து எழுதுவாள், அழிப்பாள், மறுபடி எழுதுவாள். கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டு எங்கள் வீட்டையே பார்ப்பாள். பார்க்கிறாளா, சும்மா யோசிக்கிறாளா என்று தெரியாது. அத்தை எழுந்துபோய்த் திரையை இழுத்துவிடுவாள். "கண்ணு கூசுது" என்பாள். எதிர்வீட்டுச் சின்ன விளக்கு எங்கள் வீட்டு டியூப்லைட்டைத் தாண்டி வந்து எப்படிக் கூசும் என்று கேட்க நினைத்தேன். அத்தை முகத்தைப் பார்த்ததும் கேட்கவில்லை. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது முன்வாசலை விட்டுப் பின்சந்து வழியாகப் போக ஆரம்பித்தாள். அதிலும் ஒருநாள் அக்கா தண்ணீர்க் கேனோடு எதிரில் வந்துவிட்டாள்.

"நல்லா இருக்கீங்களா அத்தை?" என்றாள், எப்போதும் போல. எதிர்வீடு என்பதால் அவளுக்கும் அத்தைதான்.

"நல்லா இருக்கேம்மா. படிக்கறியா?"

"ஏதோ படிக்கறேன்."

அத்தை பையைத் துழாவி ஒரு பேனாவை எடுத்துக் கொடுத்தாள். "நல்லா எழுதும்" என்றாள். அக்கா வாங்கிக்கொண்டாள். அன்று முழுக்க அத்தை தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள். "பேனா கொடுத்தேனாம், பேனா. புத்தி போகுது பாரு எனக்கு. அவளுக்கு வேண்டியது வாய் இருக்கற ஒரு மனுஷி. நான் மறுபடியும் ஒரு சாமானைத் தூக்கிக் கொடுத்துட்டு வந்திருக்கேன்."

பரீட்சைக்கு ஒரு வாரம் இருந்தபோது அத்தை கையெழுத்துப் போட்டாள். யாரும் எதிர்பார்க்கவில்லை. நேராகக் காவலாளியிடம் போய், "திற" என்றாளாம். பிறகு டியூஷன் சென்டருக்கே பஸ் ஏறிப் போய் டீச்சரிடம் பேசினாள். டீச்சர் வெள்ளிக்கிழமை மட்டும் வரச் சம்மதித்தார். அந்த வெள்ளிக்கிழமை அக்காவும் போனாள். ஒரே சாயங்காலத்தில் எவ்வளவுதான் கேட்க முடியும்? டீச்சர் அவளை மட்டுமே பார்க்கவும் முடியாது. விட்டுப்போன வாரங்களின் சந்தேகங்களோடு அறை முழுக்க ஆட்கள். அக்கா தன் முறைக்காக அந்தச் சுகமான நாற்காலியில் காத்திருந்து காத்திருந்து, அறை மூடும் நேரத்தில்தான் டீச்சர் பக்கம் போக முடிந்தது.

ரிசல்ட் வந்தது. புள்ளியியல் போய்விட்டது. பெயரையும் எடுத்துவிட்டார்கள். அடுத்த வாரத்திலிருந்து அக்கா மார்க்கெட் தெரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் இடத்தில் நின்றாள்.

அத்தை அந்தக் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். சோப்பு வாங்க வெகுதூரம் நடந்தாள். மாமாவால் அதைப் பொறுக்க முடியவில்லை. "இப்படி எத்தனை நாள் ஒளிஞ்சு திரியப் போற? போய்ப் பேசு. அடிச்சா வாங்கிக்கோ" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை தெருவைக் கடந்தாள். துணைக்கு என்னை இழுத்துக்கொண்டாள். அக்காவின் அம்மா மிஷினில் இருந்தாள். எங்களைப் பார்த்ததும் மிதியிலிருந்து காலை எடுத்தாள். சத்தம் நின்றது.

அத்தை உட்காரவில்லை. அக்கா பக்கம் திரும்பினாள். "நான் ஒண்ணு சொல்லணும்மா. அந்த ரூமை வேற யாரும் பூட்டல. நான் தான் பூட்டினேன். ஒரு கையெழுத்துல திறந்திருக்கலாம். பயந்துட்டேன். நாற்காலி போயிடும்னு பயந்து உன்னை விட்டுட்டேன்."

அக்கா துவைத்த சீருடைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். "தெரியும் அத்தை" என்றாள்.

"தெரியுமா?"

"அன்னிக்கு நீங்க பேனாவை எடுத்துட்டு மூடி போட்டீங்களே. நான் பக்கத்துல தான் நின்னேன்."

அத்தை, "அப்புறம் ஏன் ஒரு வார்த்தை கூடத் திட்டல? நல்லா இருக்கீங்களான்னு கேட்டியே" என்றாள்.

"திட்டினா உங்களுக்கு நிம்மதியா போயிடும். அதான் திட்டல."

அக்காவின் அம்மா, "ஏய், பெரியவங்க கிட்ட என்ன பேச்சு?" என்றாள். அத்தை, "விடுங்க, பேசட்டும்" என்றாள். நான் சுவரில் தொங்கிய நாள்காட்டியை முதல் வரியிலிருந்து படித்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் எதையும் அவ்வளவு கவனமாகப் படித்ததில்லை.

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "வெளியில இருந்து மனு போட்டு ஒரு தடவை எழுதலாமாம். கடைசி வருஷத்துல சேர்த்துப்பாங்களாம், தேறினா. எனக்கு எட்டு மணி வரைக்கும் கடை. அதுக்கப்புறம் இங்க மிஷின் சத்தம். உட்கார ஒரு இடம் வேணும்" என்றாள்.

சந்தேக அறை எட்டு மணியோடு சரி. உள்ளே வர மாணவர் அட்டை வேண்டும். அட்டையைத்தான் பிடுங்கிக்கொண்டார்களே. அந்த இரண்டு விதியும் அத்தைக்கு மனப்பாடம். எங்கே எந்தச் சட்டத்தில் மாட்டியிருக்கிறது என்பது வரை தெரியும்.

"வா" என்றாள்.

இப்போது அத்தை எல்லா நாளும் சாயங்காலம் அந்த அறையில்தான் இருக்கிறாள். அதற்குச் சம்பளம் கிடையாது. அந்தத் தலைப்பில் பணம் இல்லையாம். எட்டு மணிக்கு மற்றவர்கள் கிளம்பியதும் அக்கா கடைச் சீருடையோடு வருவாள். பெரிய திரை, கண்ணாடி மேசைகள், வரிசையாக எண் போட்ட நாற்காலிகள், நடுவில் இரண்டே பேர். நேற்று நான் அத்தைக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். அக்கா ஒரு கணக்கில் மாட்டிக்கொண்டு பேனாவை மேசையில் வைத்தாள். அத்தை உடனே நிமிர்ந்தாள். அவளுக்குப் புள்ளியியலில் தலையும் தெரியாது, காலும் தெரியாது. எழுந்துபோய் அந்தப் பக்கத்தை எட்டிப் பார்த்தாள். பார்த்து என்ன பண்ண? திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டாள்.

"நேரமாச்சு அத்தை. நீங்க கிளம்பறீங்களா?" என்றாள் அக்கா.

"நீ எங்க புரியலயோ அங்க ஒரு கோடு போட்டு வை. வெள்ளிக்கிழமை டீச்சர் வர்றாங்க, எட்டு மணிக்கு மேல உனக்காக இருக்கச் சொல்லியிருக்கேன்" என்றாள் அத்தை. பிறகு, சாப்பாட்டைத் திறக்காமலே, "நான் கிளம்பல. நீ படி" என்றாள்.